ஒருவரையும் பேசமாட்டார்

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
1908 பிப்ரவரி 12

கர்த்தருக்குள் பிரியமுள்ள மதினி பூரணத்தம்மாளுக்கு ஞானவடிவு எழுதுகிறது.

முதலில் பிள்ளைகள் சேதி. நமக்குள் என்ன இருந்தாலும், உங்க மகனும் என் மகளும் பெற்றதுகள் ரெண்டு பேருக்கும் பேரப்பிள்ளைகள்தானே. மூத்தவன் ஆம்ப்ரோஸ் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான். அவன் எழுதின இங்கிலீஷ் கட்டுரையை ஹெட்மாஸ்டர் துரை மற்றப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினாராம். பத்தொன்பது வயதில் உயரம் அப்பனைத் தாண்டிவிட்டது. அடுத்தவள் கிருபை கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கிறாள். பதினாலு வயதுதான், கை தடுமாறுவதில்லை. நீங்கள் கண்ணால் காணாத கடைக்குட்டி தேவநேசன் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை ஒரு வசனம் விடாமல் பார்க்காமல் சொல்லி, ஞாயிறு பள்ளியில் வேதாகமம் பரிசு வாங்கினான். நடுவில் ஒரே ஒரு தடவை தண்ணீர் கேட்டான். என் மருமகன், உங்க பிள்ளை விஸ்வலிங்கம், செரம்பானில் ரயில்வே ஆபீசில் நல்ல பேரோடு இருக்கிறார். மாதம் ஒரு தடவை வந்துபோகிறார்.

இனி கோவில் சேதி. எழுதவே அலுப்பாக இருக்கிறது.

பழைய பாதிரி ஐயர் ஊருக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. எங்க திருநெல்வேலிப் பக்கத்து ஐயர் ஒருவர் வருகிறேன் என்று எழுதினார். அவர் வீட்டம்மா கடலைப் பார்த்துவிட்டு மாட்டேன் என்றுவிட்டார்கள். மெட்ராசிலிருந்து ஒருவர் வந்தே வந்தார். பதினோரு ஞாயிறு இருந்தார், காய்ச்சல் கண்டது, போய்விட்டார். ரங்கூனில் ஒருவர் இருக்கிறார், அவரை அந்த ஊர் பிஷப் விடமாட்டேன் என்கிறார். இதற்குள் இங்கே ஆளுக்கு ஒரு விருப்பம். எங்க ஊர்க்காரர்களுக்கு எங்க ஊர் ஐயர் வேண்டும். உங்க யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாமார்களுக்குக் கோட்டுப் போட்ட ஐயர் வேண்டும். தெலுங்குக் குடும்பம் ரெண்டு இருக்கிறது, அவர்களுக்கு ரெண்டு வார்த்தையாவது தெலுங்கு தெரிய வேண்டும். ஒன்பது மணிக்கு அதே கோவிலில் ஆராதனை நடத்துகிற சீனச் சபைக்கு, பிரசங்கத்தைச் சுருக்கமாக முடிக்கிற எந்த ஐயரும் சரி.

மேலே இருந்து எல்லாவற்றையும் பார்க்கிற சாப்ளின் துரை இப்போது ஒன்று சொல்லிவிட்டார். கிறிஸ்துமஸுக்குள் ஆள் முடிவாகாவிட்டால் தமிழ் ஆராதனை கிடையாது. அவரே இங்கிலீஷில் நடத்துவார், பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் திருப்பிச் சொல்வாராம். மதினி, என் பாவத்தை நான் அறிக்கையிட நடுவில் ஒரு ஆள் நிற்க வேண்டுமா?

கமிட்டியில் மூப்பர் வேதமாணிக்கம் அண்ணன்தான் சொன்னார், "யாழ்ப்பாணத்துல சம்பந்தி இருக்காகளே, கேட்டுப் பாருங்க தங்கச்சி" என்று. மாதர் சங்கத் தலைவி என்று என்னையும் கமிட்டியில் ஓரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் உங்களுக்கு எழுதாத கை. அதனால் கேட்கிறேன். உங்க பக்கம் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

ஞானவடிவு


யாழ்ப்பாணம்
1908 மார்ச் 10

அன்புள்ள மச்சாளுக்குப் பூரணம் எழுதுவது.

உங்கட கடிதம் கண்டன். பிள்ளையளின்ர சேதியை ரெண்டு தரம் வாசிச்சன். ஆம்ப்ரோஸ் பாஸ் பண்ணினதை அவன்ர தகப்பன் ஒரு வரியில் எழுதியிருந்தான். நீங்கள்தான் விவரமாய் எழுதினீங்கள். அதுக்கு நன்றி சொல்லுறன்.

மறந்திட்டன் எண்டு நினையாதேங்கோ. நாலு வருஷம் அந்த வீட்டிலே இருந்தனான். ஆம்ப்ரோஸ் என்ர மடியிலே வளர்ந்தவன். ஏழு வயதிலே அவன் என்னட்டை ஓடி வந்து, "அப்பாச்சி, என்னோடை கதையுங்கோ" எண்டு கேட்டான். நீங்கள் அடுப்படியிலிருந்து சிரிச்சியள். "கதைன்னா என்ன கதைலே? நரிக்கதையா, காக்காக் கதையா? வாயைத் திறந்து பேசுங்கன்னு சொல்லு!" வந்திருந்த பெண்டுகளும் சிரிச்சவை. பிள்ளை அண்டைக்கு அழுதவன். பிறகு அவன் அப்படிக் கதைக்கவேயில்லை. உங்களுக்கு அது பகிடி. நான் அடுத்த கப்பலிலே வெளிக்கிட்டனான்.

சரி, கேட்டதுக்குப் பதில். என்ர தம்பியின்ர மகன் நல்லதம்பி, போதகராய்ப் பட்டம் பெற்றுப் பத்து வருஷம். முப்பத்தெட்டு வயது. பெண்சாதி தவறிப்போனாள், பிள்ளை இல்லை. இங்கிலிஷ் நல்லாய்த் தெரியும், கோட்டும் போடுவான். உங்கட குமாஸ்தாமாருக்குச் சொல்லுங்கோ. கேட்டன், வரச் சம்மதம்.

இன்னொன்று. அவன் வந்தால் நானும் அவனோடு கப்பலேறுவன். தனியே வர ஏலாது. கண்ணிலே புகை மாதிரி மறைக்குது. வைத்தியர் இன்னும் ரெண்டு வருஷம் சொல்லுறார். முழுக்க மறைக்கிறதுக்கு முன்னம் பிள்ளையளைப் பார்க்க வேணும். இதுக்காக நீங்கள் அவனை எடுக்க வேண்டாம். நல்லவனெண்டால் எடுங்கோ.

பூரணம்


சிங்கப்பூர்
1908 ஏப்ரல் 6

மதினிக்கு,

உங்க கடிதத்தைக் கமிட்டிக்குப் போகும்முன் மூன்று தரம் மடித்துப் பிரித்தேன். சிரித்ததைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். எழுதினால் மறுபடி சண்டைதான் வரும். எனக்குத் தெம்பு இல்லை.

உங்க கண் விஷயம் மகளிடம் சொன்னேன், அழுதாள். மாடி அறையை ஒழிக்கச் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. இப்போது எலக்ட்ரிக் டிராம் ஓடுகிறது, சத்தத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டும். நீங்கள் போனபோது வெறும் மாட்டு வண்டி.

நல்லதம்பி ஐயர் பற்றி உங்க ஊர் மிஷன் துரை எழுதின இங்கிலீஷ் கடிதம் வந்து சேர்ந்தது. சாப்ளின் துரைக்குத் திருப்தி. ஆனால் பெரியவர்கள் எல்லாரைப் பற்றியும் நல்லதாகத்தான் எழுதுவார்களாம். அதனால் சபையில் ஒரு சாதாரண வீட்டிலிருந்து, சொந்தக்காரர் அல்லாத ஒருவர், தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்கிறார். சீனச் சபை மூப்பர், கடை முதலாளி லிம் தவ்கேயும் அதுதான் சரி என்றார். உங்க மகனும் கமிட்டியில் பேர் உள்ளவர்தான், உறவு என்பதால் இந்த விஷயத்தில் கமிட்டியை விட்டு விலகிக்கொண்டார். மற்ற யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா மலாய் நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். ஆக மிச்சம் எங்க ஊர்க்காரர்கள், தவ்கே, துரை, ஓரத்தில் நான்.

அந்தத் தமிழ்க் கடிதத்தைத் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கப் போவது யார் தெரியுமா? நம்ம ஆம்ப்ரோஸ்! நான்தான் சொன்னேன். வேதமாணிக்கம் அண்ணன், "சின்னப் பையன்லா தங்கச்சி?" என்றார். "சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின சின்னப் பையன்" என்றேன். பேரை எழுதிக்கொண்டார். கோர்ட்டில் தமிழுக்கு இன்டர்ப்ரெட்டர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. நீதிபதி துரை, பையனைப் பற்றிச் சாப்ளின் துரையிடம் கேட்டிருக்கிறார். இந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கடிதம் கொடுத்தால் வேலை நிச்சயம். உங்க பேரன் கோர்ட்டில் நின்று ஒரு ஜாதி சொல்வதை இன்னொரு ஜாதிக்கு எடுத்துச் சொல்லப் போகிறான்.

சீக்கிரம் அனுப்புங்கள்.

ஞானவடிவு


யாழ்ப்பாணம்
1908 ஏப்ரல் 30

அன்புள்ள மச்சாள்,

இதே தபாலில் கமிட்டிக்குக் கடிதம் போகுது. எழுதினது குணவதி. எங்களுக்குச் சொந்தம் இல்லை. கோவிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையிலே இருக்கிற கைம்பெண், பனையோலைக் கடகம் இழைச்சுச் சீவிக்கிறாள். எழுதத் தெரியும் எண்டாலும் கூச்சப்பட்டாள். "வாயிலே வாறதை அப்படியே எழுது" எண்டன். எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டினாள், என்ர மனசிலே பதிஞ்சு போச்சு:

"எங்கட போதகர் நல்லதம்பி ஐயா ஏழை வீடு பெரிய வீடு எண்டு பாரார். வீடு வீடாய்ப் போயிருந்து கதைப்பார். போன மாரியிலே நான் காய்ச்சலாய்க் கிடக்க, பாயடியிலே இருந்து கதைச்சுக்கொண்டேயிருந்தார். என்ர மகன் பெரிய பிழை ஒன்று செய்தவன். அப்பவும் அவனைப் பேசேல்லை. எங்கட ஐயா ஒருவரையும் பேசமாட்டார்."

இதைவிட என்ன வேணும்? கேட்க எனக்கே கண் கலங்கினது. எத்தனை போதகர்மாரை நான் கண்டிருக்கிறன்.

பெட்டி ஒன்று வாங்கியாச்சு. பனங்கிழங்கு அவிச்சுப் புழுக்கொடியலுக்குக் காயப் போட்டிருக்கிறன். பனங்கட்டி இனித்தான் வாங்க வேணும். ஆம்ப்ரோஸுக்கு முந்தி பனங்கட்டி விருப்பம். இப்பவும் தின்பானோ? கேட்டு எழுதுங்கோ.

பூரணம்


சிங்கப்பூர்
1908 ஜூன் 5

மதினிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், உடம்பு சரியில்லை. கமிட்டி கூடினது. நல்லதம்பி ஐயர் விஷயம் கைகூடவில்லை. அவருக்கு இந்த ஊர் ஒத்துவராது என்று நினைக்கிறார்கள். திரும்ப மெட்ராசுக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லாம் கர்த்தர் சித்தம்.

உங்க கண்ணுக்கு உப்புக்காற்றும் கப்பலும் ஆகாது என்று இங்கே ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருவர் சொன்னார். யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சுகம். ஆம்ப்ரோஸ் பனங்கட்டி தின்பான்.

ஞானவடிவு


யாழ்ப்பாணம்
1908 ஜூலை 1

ஞானவடிவு மச்சாளுக்கு,

நீங்கள் ஒருநாளும் இவ்வளவு சின்னக் கடிதம் எழுதுற ஆள் இல்லை.

என்ன குறை கண்டியள் எண்டு நேரே எழுதுங்கோ. ஊர் ஒத்துவராது எண்டால் என்ன கருத்து? அவன் இன்னும் அந்த ஊரைக் காணவேயில்லை. நல்லதம்பி என்னட்டை ஒன்றும் கேட்கேல்லை. "வேறை ஆரும் தகுதியான ஆள் கிடைச்சிருப்பார், மாமி" எண்டு மட்டும் சொன்னான். குணவதிதான் வந்து வந்து நிக்கிறாள். "நான் எழுதினதிலே ஏதும் பிழையோ அக்கா?" எண்டு கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன மறுமொழி சொல்ல?

கமிட்டியிலே இருந்து நீங்கள் அவனைப் பேசினியளோ? நான் வரப்படாது எண்டு நினைச்சு அப்படிச் செய்தியளோ? அப்படியெண்டால் அதை எழுதிப்போடுங்கோ. பெட்டியிலே போட்டதை எடுத்து வெளியிலே வைக்கிறன். என்ர கண்ணைச் சாட்டாதேங்கோ.

பூரணம்


சிங்கப்பூர்
1908 ஜூலை 28, செவ்வாய்

மதினி,

உங்க கடிதம் வந்து நாலு நாள் தலையணைக்குக் கீழே கிடந்தது. நேற்று முன்தினம் ஞாயிறு நடந்ததற்குப் பிறகு அதை அங்கே வைத்திருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

கமிட்டி அன்று துரை ஆம்ப்ரோஸ் எழுதின இங்கிலீஷ் தாளை வாசித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. துரையின் புருவம் ஏறினது மட்டும் தெரிந்தது. வேதமாணிக்கம் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "என்னண்ணே?" என்றேன். தமிழில் சொன்னார்: "வீடு வீடாப் போய்க் கதை சொல்ற ஐயராம் தங்கச்சி! காய்ச்சல்ல கிடந்தவ பக்கத்துல உக்காந்து கதை சொல்லிக்கிட்டே இருந்தாராம். தப்புப் பண்ணின பையன்கிட்ட முகங்கொடுத்துப் பேசலியாம். யார்கிட்டயும் பேசவே மாட்டாராம்!"

அந்த நிமிஷமே எனக்கு விளங்கிவிட்டது. உங்க கடிதத்தில் குணவதி எழுதினது அப்படியே இருந்ததே. நாலு வருஷம் உங்களோடு ஒரே அடுப்படியில் நின்றவள் நான். உங்களுக்குக் கதைக்கிறது என்றால் எங்களுக்குப் பேசுகிறது. உங்களுக்குப் பேசுகிறது என்றால் எங்களுக்கு ஏசுகிறது. ஏழை வீட்டில் உட்கார்ந்து அன்பாகப் பேசுவார், யாரையும் ஏசமாட்டார் என்று அந்தப் பெண் எழுதினதைத்தான் நம்ம பையன் தலைகீழாகப் புரட்டி வைத்திருக்கிறான்.

லிம் தவ்கே ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. "யாரோடும் பேசாதவர் வீடு வீடாகப் போய் எப்படிக் கதை சொல்வார்?" என்று அவர் கேட்டதையும் அண்ணன்தான் தமிழில் சொன்னார். எனக்குப் பதில் தெரியும். மேசைமேல் துரைக்கு முன்னால் இன்னொரு தாள் இருந்தது, நீதிபதி துரைக்கு ஆம்ப்ரோஸைப் பற்றி எழுத எடுத்து வைத்தது. நான் வாய் திறந்தால் பையனுக்குத் தமிழ் தெரியவில்லை என்று ஆகிவிடும். இன்டர்ப்ரெட்டர் வேலை போய்விடும். நான்தானே அவனைத் தூக்கிப் பேசினவள். உட்கார்ந்திருந்தேன். உங்க கண் நினைவுக்கு வந்தது. அப்போதும் உட்கார்ந்திருந்தேன்.

துரை இந்த மாதம் இன்டர்ப்ரெட்டர் வைத்து ஆராதனையை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். நின்றவன் ஆம்ப்ரோஸ். முதல் ஞாயிறு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நேற்று முன்தினம் ஆராதனை முடிந்து, கமலா என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாசலில் நின்றாள். ரெண்டு மாதக் குழந்தையைப் பறிகொடுத்துப் பத்து நாள் ஆகிறது. துரை அவள் தலையில் கை வைத்து ஏதோ இரக்கமாகச் சொன்னார். நம்ம பையன் திருப்பிச் சொன்னான்: "நாளைக்கு துரை உங்க வீட்டுக்கு வந்து பேசுவாங்க."

மதினி, அவள் முகம் போன போக்கை நான் எப்படி எழுத? "என்னை ஏன் பேச வாறார்? நான் பிள்ளையை வடிவாய்த்தானே பார்த்தனான்? வைத்தியரிட்டை கொண்டுபோனனான்தானே?" என்று துரையின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பையனுக்கும் விளங்கவில்லை. திருதிருவென்று முழிக்கிறான்.

நான் போய் அவளைத் தூக்கினேன். பன்னிரண்டு வருஷம் முன்னால் நான் சிரித்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. "ஏசல்ல தாயி. உன்னோட கதைக்க வாறாக. உன் பக்கத்துல இருந்து கதைக்க வாறாக" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள்.

ஆம்ப்ரோஸ் கேட்டுக்கொண்டே நின்றான். வீட்டுக்கு நடந்தே வந்தோம், டிராம் வேண்டாம் என்றான். பந்தயத் திடல் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். அங்கே நின்று, "ஆச்சி, அப்போ அந்தக் கடிதம்?" என்றான். "ஆமாலே" என்றேன். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். "எனக்கு ஏன் தெரியல?" என்றான். அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில், உங்க மார்ச் மாதக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நேற்றுக் காலை அவனே குணவதியின் தாளை எடுத்துக்கொண்டு துரையிடம் போனான். நான் கூட வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். துரை என்ன சொன்னார் என்று இன்னும் தெரியாது.

குணவதியிடம் சொல்லுங்கள், அவள் எழுதினதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. உங்க கண்ணைச் சாட்டினதும் நான் செய்ததுதான். டிரெஸ்ஸர் யாரையும் நான் கேட்கவே இல்லை.

ஞானவடிவு


யாழ்ப்பாணம்
1908 ஆகஸ்ட் 21

மச்சாள்,

உங்களைப் பேசவேணும் எண்டுதான் காகிதத்தை எடுத்தனான். எங்கட பேச்சு, உங்கட பேச்சில்லை. மூண்டு நாளாய் எடுத்து எடுத்து வைச்சன். வருதில்லை. எனக்கும் களைச்சுப் போச்சு.

கமலா எண்ட அந்தப் பிள்ளையை நினைக்க நினைக்க நெஞ்சு நோகுது. தனியே இருக்க விடாதேங்கோ. என்ர மகனிட்டைச் சொல்லி அவள் பெற்ற தாய்க்கு எழுதச் சொல்லுங்கோ.

நீங்கள் சிரிச்சதை நான் எழுதினன். நான் சிரிச்சதை எழுதேல்லை. "வந்தாக, போனாக" எண்டு உங்கட வீட்டிலே கதைக்கிறதைக் கேட்டு, ஆம்ப்ரோஸுக்கு நடிச்சுக் காட்டினது நான்தான். உங்களைப் போல நடந்தும் காட்டினனான். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். உங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தால் நீங்கள்தான் முதல் கப்பலேறியிருப்பியள்.

குணவதிக்குச் சொன்னன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சாள், பிறகு அழுதாள். நல்லதம்பி எழும்பித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான்.

போதகர் விஷயம் எப்படி முடிஞ்சாலும் முடியட்டும். ஆம்ப்ரோஸின்ர வேலை என்ன ஆச்சு? அதை மட்டும் உடனே எழுதுங்கோ. இதுக்காக ஆரும் அவனைப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

பூரணம்


சிங்கப்பூர்
1908 செப்டம்பர் 18

பிரியமுள்ள மதினிக்கு,

பிள்ளைகள் சேதி முதலில். கிருபைக்குக் கோவிலில் புது ஆர்மோனியம் வந்திருக்கிறது, பழையதில் ரெண்டு கட்டை அழுத்தினால் எழும்பாது. தேவநேசன் கணக்கில் வகுப்புக்கு முதல். ஆம்ப்ரோஸுக்குக் கோர்ட் வேலை கிடைக்கவில்லை. மலாக்கா பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். துரை அவனைக் கடிந்துகொள்ளவில்லையாம். எழுதி வைத்திருந்த தாளை மேசைக்குள் போட்டுவிட்டு, "நல்ல தமிழ் படித்துவிட்டு அடுத்த வருஷம் வா" என்றாராம். எந்த ஊர்த் தமிழ் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கப் போகவில்லை. இப்போது கப்பல் ஆபீசில் சாமான் பட்டியல் எழுதுகிறான். முகம் இன்னும் தெளியவில்லை. என்னோடு பேசுகிறான், முன்னைப் போல இல்லை. அது எனக்கு வேண்டியதுதான். இவ்வளவு நாள் அவன் பாஸ் பண்ணினதைத்தான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். இப்போது, துரையிடம் தானே போய் நின்றான் என்பதைச் சொல்லுகிறேன்.

கமிட்டி திரும்பக் கூடினது. குணவதியின் தாளை இந்தத் தடவை நானே எழுந்து வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொன்னேன். முன்னேயே தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதையும் சொன்னேன். வேதமாணிக்கம் அண்ணன் மேற்கூரையைப் பார்த்தார். லிம் தவ்கே தலையை ஆட்டினார், அவர் கணக்கு இப்போதுதான் சரியானது. நல்லதம்பி ஐயரை அழைப்பதென்று முடிவாகிவிட்டது. பிஷப் கையெழுத்தோடு கடிதம் இதே கப்பலில் வருகிறது.

சந்தோஷப்பட வேண்டும். பட எனக்குப் பலமில்லை, மதினி. ஐயர் இல்லாமல் இருபத்தோரு மாதம் ஓடிப்போச்சு. வேதமாணிக்கம் அண்ணன் வாசலில் இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார், "யாரையும் ஏசாத ஐயருக்கு இந்தச் சபை அடங்குமா தங்கச்சி?" என்று. வருகிறவரிடம் இதை முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஏச வேண்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், பட்டியலில் முதல் பேர் என்னுடையது. கமலாவைப் பார்க்க வாரம் ரெண்டு நாள் போகிறேன். உங்க ஐயர் வந்ததும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும். போயிருந்து கதைக்கட்டும்.

மாடி அறை தயார். டிசம்பர் முதல் வாரம் கொழும்பிலிருந்து கப்பல் என்று ஆபீசில் பார்த்து வந்தவன் ஆம்ப்ரோஸ்தான். துறைமுகத்துக்கு அவன்தான் வருவான், லீவு கேட்டுவிட்டான். அங்கேதான் ஒரு சிக்கல். ஒரு கப்பலில் எத்தனையோ பேர் இறங்குவார்கள். உங்களுக்குக் கண் மங்கல், அவன் ஏழு வயதில் உங்களைப் பார்த்தவன். யார் யாரை அடையாளம் காண்பது? உங்க போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. சண்டைக்கு மறுநாள் ஜப்பான்காரன் கடையில் எடுத்தது. அதில் நீங்கள் என்னைப் பார்க்கிற மாதிரியே முறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று அதை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தான். "இதை வச்சு எப்படி ஆச்சி தேடறது? அப்பாச்சி இப்படியேவா இறங்குவாங்க?" என்றான்.

அதனால் இந்தக் கடிதம் கண்டதும், குணவதியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய், இப்போது இருக்கிற முகத்தோடு புதுசாக ஒரு போட்டோ எடுத்து, முதல் கப்பலில் தபால் பண்ணுங்கள்.

ஞானவடிவு